தினமும் பத்தாயிரம் அடி

எங்க ஆபீஸ்ல நடைப் போட்டி வெச்சாங்க. மூணு மாசம் யார் அதிகமா நடக்கிறாங்களோ, அவங்களுக்கு மூணு நாள் லீவு. அடியை எண்ணுறதுக்கும் இதயத் துடிப்பைப் பார்க்கிறதுக்கும் எல்லார் கையிலயும் ஒரு வாட்ச்சை மாட்டி விட்டாங்க. கணக்கு தானா நம்ம போனுக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் போயிடும்.

எனக்கு வயசு முப்பத்தஞ்சு. தொப்பைக்கு அதைவிட ஜாஸ்தி இருக்கும். முதல் நாள் என் கணக்கு எண்ணூத்திப் பத்து அடி. அதுல பாதி கேன்டீனுக்குப் போனது, மீதி கேன்டீன்ல இருந்து வந்தது.

அன்னைக்குச் சாயங்காலமே வாட்ச்சைக் கழட்டி மச்சினன்கிட்ட நீட்டிட்டேன். மனைவியோட தம்பி, எங்க வீட்டோடதான் இருக்கான். பார்சல் கொண்டு போய்க் கொடுக்கிற வேலை. நாள் முழுக்க மாடி ஏறி இறங்குற கால்.

"இல்ல மாமா, நான் இப்ப வந்து..."

"பேசாம கட்டு மாப்ள. அக்காவுக்குத் தெரிய வேணாம்."

மறுநாள்ல இருந்து பன்னிரண்டாயிரம், பதிமூணாயிரம்னு என் போன்ல கணக்கு எகிறுச்சு. ஆபீஸ்ல வெறுங்கை தெரியக்கூடாதுன்னு முழுக்கை சட்டைக்கு மாறினேன். ரெண்டு மாசத்துல நான்தான் முதல் இடம்.

மீட்டிங்ல மேனேஜர் என்னை எழுப்பி நாலு வார்த்தை பேசச் சொன்னார். விடுவேனா?

"முப்பது வயசுலயே இதயத்தைக் கவனிக்கணும் நண்பர்களே. மனசு வெச்சா போதும், கால் தானா நடக்கும்."

கை தட்டினாங்க. கொஞ்சமும் கூசாம வாங்கிக்கிட்டு, மொட்டை மாடிக்குப் போய் ஒரு சிகரெட் பத்த வெச்சேன். லிஃப்ட்லதான் போனேன்.

வீட்லயும் அதே பவுசுதான். ஒரு நாள் மனைவி எனக்குத் தட்டை வெச்சுட்டு அங்கேயே நின்னா.

"ஏங்க, மாடி ஏறினா நெஞ்சு படபடன்னு வருது. ரெண்டு இடத்துல நின்னு நின்னுதான் வர்றேன்."

நான் போன்ல அன்னைய கணக்கைப் பார்த்துட்டு இருந்தேன். பதினாலாயிரம். தலையைத் தூக்கலை.

"வீட்ல சும்மா உட்கார்ந்திருந்தா அப்படித்தான். என்னைப் பாரு. நீயும் கொஞ்சம் நட."

சிரிச்சுட்டுப் போயிட்டா.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் ஆபீஸ் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினாங்க. கதவைச் சாத்திட்டு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாங்க.

"பத்து நாளா உங்க துடிப்பு சரியில்லை. நடக்கும்போது தாறுமாறா ஓடுது, தூக்கத்துலயும் அப்படியே. நெஞ்சுல வலி ஏதாவது?"

சத்தியமா சொல்றேன், எனக்கு முதல்ல வந்தது நிம்மதி. அது என் நெஞ்சு இல்லையே. பயம் அதுக்கப்புறம்தான் வந்தது.

"உங்க குடும்பத்துல சின்ன வயசுலயே மாரடைப்பு வந்தவங்க உண்டா?"

"மாமனார். நாப்பத்தொரு வயசுல போயிட்டார்."

"மாமனார் கணக்கு உங்களுக்கு எதுக்குங்க? ரத்த உறவுல கேட்கிறேன்."

சொன்னா லீவு போகும், மேனேஜர் முன்னாடி மானம் போகும். சொல்லாட்டி ஒரு உயிரே போயிடலாம். இதுக்குப் போய் அரை நிமிஷம் யோசிச்சேன் பாருங்க, அதை நினைச்சாதான் இப்பவும் என்மேல எனக்கே எரிச்சலா வருது.

"டாக்டர், அது நான் நடந்தது இல்லை. என் மச்சினன். இருபத்தெட்டு வயசு."

திட்டுவாங்கன்னு பார்த்தேன். திட்டலை.

"சின்ன வயசு, ஓடியாடி வேலை செய்யறவங்க, ஒண்ணும் வராதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்பா நாப்பத்தொண்ணுல போயிருக்காரே, அது போதும். உடனே கூட்டிட்டு வாங்க, மாடி ஏற விடாதீங்க. அப்படியே நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்குங்க. சிகரெட் வாடை இங்க வரைக்கும் வருது."

வராண்டாவுல நின்னு மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, இருக்கிற இடத்துலயே உட்காரு. எந்த மாடியும் ஏறாத."

"உட்கார்ந்துதான் மாமா இருக்கேன். என்னைக் கம்ப்யூட்டர் முன்னாடி மாத்தி மூணு மாசம் ஆச்சு. அன்னைக்கே சொல்ல வந்தேன், பேசாம கட்டுன்னீங்க."

"அப்ப அந்த வாட்ச்?"

"அக்கா கையில மாமா. அன்னைக்கே கண்டுபிடிச்சு வாங்கிக்கிட்டா. மாமாவுக்கு லீவு கிடைச்சா மூணு நாளாவது நம்மகூட இருப்பார், நான் நடந்துக்கறேன்னு சொன்னா. நீங்க பார்த்திருப்பீங்கன்னுதான் நான் நினைச்சேன்."

ரெண்டு மாசமா எனக்குத் தட்டு வெச்ச கை. ராத்திரி என் பக்கத்துலயே தூங்கின கை. நான் பார்க்கலை.

வண்டியை எப்படி ஓட்டிட்டு வந்தேன்னு தெரியலை. எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பொண்ணை ஸ்கூல்ல விட, கூட்டிட்டு வர, கடைக்குப் போக, குப்பை கொட்ட, நான் மறந்துட்டுப் போன சாவியைக் கீழ கொண்டு வந்து தர, எல்லாத்துக்கும் அவதான் ஏறி இறங்கணும். இதுக்குத்தான் நான் சும்மா உட்கார்ந்திருக்கிறதுன்னு பேர் வெச்சிருந்தேன்.

ரெண்டாவது மாடித் திருப்பத்துல காய்கறிப் பையைப் பக்கத்துல வெச்சுட்டு படியில உட்கார்ந்திருந்தா. என்னைப் பார்த்ததும் எந்திரிக்கப் பார்த்தா. தோளைப் பிடிச்சு உட்கார வெச்சேன்.

"என்னங்க இந்நேரத்துல? உடம்புக்கு என்ன?"

என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தா. என் வாட்ச் என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு.

நான் அதையே பார்க்கிறதைக் கவனிச்சுட்டா. முகம் சுருங்கிப் போச்சு.

"கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு என்னமோ ரொம்ப மூச்சு வாங்குது, ஆறாயிரம்தான் ஆச்சு. சாயங்காலத்துக்குள்ள மீதியை நடந்துடறேன்."