ஒட்டு மூக்குத்தி

அவன் நகைப்பெட்டியை மூன்றாவது முறை கவிழ்த்துப் பார்த்தான். மூக்குத்தி இல்லை.

"அம்மா மூக்குத்தி எங்கடி தங்கம்?"

நறுமுகை வாயைத் திறந்து காட்டினாள்.

நாக்கில் ஒன்றுமில்லை.

மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சட்டையை ஆட்டோவில்தான் மாட்டினான்.

அவன் மனைவி மூக்குக் குத்திக்கொள்ளாமலே போய்விட்டாள். ஊசியென்றால் பயம். கல்யாணத்துக்கு ஒட்டு மூக்குத்திதான். வெளியே கல் பதித்த ஒரு காந்தம். உள்ளே மிளகளவு இன்னொன்று.

நடுவில் அவள்.

நியோடிமியம். அருமண் உலோகம். கல்லூரியில் படித்திருக்கிறான். தனியாக விட்டால் காற்றில் கறுத்து உதிரும். இரும்பும் போரானும் சேர்ந்துவிட்டால் அதைப் போல் இழுக்கும் காந்தம் வேறில்லை. இயர்போனில் இருக்கிறது. மின்சாரக் காரில் இருக்கிறது. இடையில் தோலும் சதையும் இருப்பது அதற்குப் பொருட்டே இல்லை.

இதையெல்லாம் அவளிடம் பெருமையாகச் சொன்னதுண்டு.

எக்ஸ்ரே எடுத்தவர் நறுமுகையின் கன்னத்தைத் தட்டினார்.

"காசு முழுங்கினவன், பட்டன் முழுங்கினவன் எல்லாம் பாத்தாச்சு. மூக்குத்திய முழுங்கின மொத ஆளு நீதான் தாயி."

அவள் சிரித்தாள்.

அவனும் சிரிக்கப் பார்த்தான்.

"ஒண்ணுன்னா தானா வெளிய வந்துடும்," என்றார் டாக்டர். "ரெண்டும் ஒட்டிக்கிட்டே போயிருந்தாலும் பெரும்பாலும் வந்துடும். தனித்தனியாப் போயிருந்தாத்தான் சார். குடல நடுவுல வச்சுப் பிடிச்சுக்கும். ஓட்டை விழுந்துடும்."

படம் திரையில் வந்தது.

வெள்ளையாக இரண்டு புள்ளிகள்.

ஒன்றையொன்று நெருங்கி நின்றன. தொடவில்லை. இடையில் மயிரிழை போல ஒரு கறுப்பு.

டாக்டர் பேனா முனையை அங்கே வைத்தார். நர்ஸிடம் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். பிறகு அவனிடம் திரும்பினார்.

"பாப்பா கடைசியா எப்ப சாப்பிட்டா?"

இந்தக் கேள்வி அவனுக்குத் தெரியும்.

ஏழு மாதங்களுக்கு முன், வேறொரு ஆஸ்பத்திரியில், மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் கேட்டார்கள். அவன் கையைப் பிடித்தபடி மனைவியே பதில் சொன்னாள். பதற்றமில்லாமல், தெளிவாக.

அதன் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை.

"சார், எப்ப சாப்பிட்டா?"



நறுமுகை அவன் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"காலைல. ரெண்டு இட்லி," என்றாள், தெளிவாக.