பட்டென்று சொன்ன பேர்

"கலியமூர்த்தி."

வீட்டுக்காரர் பேர் என்னம்மா என்று ரேகா கேட்டு வாய் மூடவில்லை, அந்த அம்மாள் பட்டென்று சொல்லிவிட்டாள்.

ரேகாவின் பேனா நின்றது.

சிதம்பரத்தின் இந்தச் சின்ன நர்சிங் ஹோமில் காப்பீட்டு அட்டைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் புருஷன் பேரை இலேசில் சொல்லிவிடுவார்களா என்ன? "அதுலயே இருக்கு பாருங்க" என்று அட்டையை நீட்டுவார்கள். ஒரு அம்மாள் சுவரிலிருந்த முருகன் காலண்டரைக் கைகாட்டிவிட்டு, வெட்கத்தில் சிரித்தே பொழுதைப் போக்கினாள்.

இந்த அம்மாளோ கடையில் சாமான் கேட்கிற மாதிரி சொன்னதோடு நிற்காமல், "சரியா காதுல விழுந்துச்சா?" என்று வேறு கேட்டாள்.

அட, இதென்ன கூத்து!

சக்கர நாற்காலியில் கலியமூர்த்தி உட்கார்ந்திருந்தார். தொண்டையில் கட்டி. குரல் சுத்தமாகப் போய்விட்டது. கழுத்தில் சுற்றிய துண்டுக்கு மேலே அவர் கண்கள் அகலத் திறந்திருந்தன. யாரோ புது ஆள் வந்து நிற்கிற மாதிரி அந்த அம்மாளையே பார்த்தார்.

அந்தப் பார்வைதான் ரேகாவைக் குடைந்தது.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மனைவி, ஞானாம்பாள். போட்டோவில் இரண்டு பேர் முகமும் இருக்க வேண்டிய இடம் கருந்திட்டாக இருந்தது. அது யார் முகமாகவும் இருக்கலாம்.

போன மாதம்தான் அண்ணியின் அட்டையை வைத்துக்கொண்டு நாத்தனார் வந்து படுத்துவிட்டுப் போனாள். காப்பீட்டுக் கம்பெனி ஆள் டாக்டர் எதிரிலேயே ரேகாவைக் காய்ச்சி எடுத்துவிட்டார். இந்த அம்மாளும் அப்படித்தானோ? தங்கச்சி என்றால் அண்ணன் பேரைத் தாராளமாகச் சொல்லலாமே. கூட வந்தவளே பொய் என்றால், நாற்காலியில் இருப்பவர் மட்டும் நிஜமாகவா இருப்பார்?

நோயாளியால் பேச முடியாவிட்டால் அட்டையில் உள்ள ஒருவர் கம்பெனிக்குப் போனில் பேசி உறுதி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அனுமதி, ஆபரேஷன் எல்லாம். கட்டி மூச்சை அடைப்பதற்குள் எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தப்பான ஆளைச் சரி என்றால் ரேகாவின் வேலை போகும். சரியான ஆளைத் திருப்பி அனுப்பினால் அந்த மனுஷனின் உயிர் போகும்.

மனசில் வைத்துப் புழுங்குகிற ஆள் இல்லை ரேகா. நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, நீங்க அவருக்குக் கூடப் பொறந்தவங்களா?"

அந்த அம்மாளின் முகம் சுண்டிப்போனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில பேரு கேட்டாங்க. எனக்கு வாயில வரல. புருஷன் பேரு கூடத் தெரியாதவ, யாரு கார்ட தூக்கியாந்தன்னு தொரத்திவுட்டாங்க. அதான் திட்டக்குடியிலேந்து பஸ்ஸுல வர்றப்ப, இவுரு கண்ணசந்த நேரமாப் பாத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு சொல்லிச் சொல்லிப் பழகிக்கிட்டேன். தப்பாச் சொல்லிட்டனா?"

ரேகாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கடலூர்க்காரர்கள் மேல் அதைவிட ஜாஸ்தியாக வந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டு, ஞானாம்பாளிடம் கொடுத்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் பதில் சொன்னாள். பேரை மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள். அனுமதி கிடைத்துவிட்டது. ரேகா போனை வாங்கி வைத்தாள்.

நாற்காலியின் கைப்பிடியை யாரோ தட்டினார்கள். பார்த்தால், கலியமூர்த்தி ஒரு விரலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

தண்ணீரா என்று ரேகா சைகையில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். ஞானாம்பாளின் வாயைக் காட்டினார். மறுபடியும் ஒரு விரல்.

ஞானாம்பாள் அந்தப் பக்கம் திரும்பி நின்று அட்டையைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

ரேகா வைத்த போனை மறுபடி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, சரியா காதுல விழலையாம். இன்னொரு வாட்டி சொல்லச் சொல்றாங்க."