பெரிய டாக்டர் வயிற்றுக்கு ஸ்டேப்ளர்

"எனக்கு ஸ்டேப்ளர்லயே போடச் சொல்லு."

பெரிய டாக்டர் இப்படிச் சொல்லியனுப்பினார் என்றதும் ஆபரேஷன் தியேட்டரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"அவரவர் உயிர் அவரவருக்கு வெல்லம்" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

தியேட்டர் நர்ஸுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாகப் பெரியவருக்கு ஊசியும் நூலும் எடுத்துக் கொடுப்பவள் அவள். குடலை வெட்டி இணைக்க வேண்டுமென்றால் மனுஷருக்குக் கைத்தையல்தான். நேரமானாலும் சரி, நர்ஸின் கால் வீங்கினாலும் சரி.

சின்ன டாக்டரம்மாவுக்கு ஸ்டேப்ளர்தான் வசதி. அதன் இரண்டு தாடைக்கு நடுவே குடலை வைத்து, இறுக்கி, பிடியைத் தள்ளினால் போதும். இரண்டு பக்கமும் குட்டிப் பின்கள் வரிசையாக விழும், நடுவில் கத்தி வெட்டிக்கொண்டே போகும். அதைக் கண்டாலே பெரியவருக்கு வாய் சும்மா இருக்காது.

"பேப்பருக்குப் பின் அடிக்கணும்னா ஆபீஸுக்குப் போம்மா. இங்க எதுக்கு வந்தே?"

அந்த அம்மாவின் முகம் சுண்டிப் போகும். நர்ஸுக்கு வயிறு எரியும்.

இப்போது பெரியவர் குடலிலேயே கட்டி. வெட்டப்போவது அதே டாக்டரம்மா.

தியேட்டர் வாசலில் டிராலியில் படுத்திருந்தவரைப் பார்த்ததும் நர்ஸால் அடக்க முடியவில்லை.

"ஏன் சார், ஊருக்குத்தான் உபதேசமா? உங்க வயித்துக்கு மட்டும் பின்னா?"

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

"உங்களுக்குக் கையாலதான் தைக்கணும்னு நேத்து பூரா முடிச்சுப் போட்டுப் பழகினாங்க. நீங்க சொல்லியனுப்பினதும் அழுதுட்டாங்க. 'என் கை மேல சாருக்கு நம்பிக்கை இல்லை'ன்னு."

"அழட்டும். அவ கை என் கையைவிட நல்லாவே தைக்கும்."

"அப்புறம் உங்களுக்கு என்ன வந்தது?"

பெரியவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி எங்க சீஃப் டாக்டருக்கு இதே ஆபரேஷன். நான்தான் கையால தைக்கணும்னு அடம் பிடிச்சார். தச்சேன். அஞ்சாம் நாள் தையல் விட்டுப்போச்சு. ஆள் போயிட்டார்."

நர்ஸ் அவர் போர்வையைச் சரி செய்தாள்.

"அன்னிலேர்ந்து யாருக்குத் தையல் போட்டாலும் அவர் குடலைத்தான் தச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் பெரியவர். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்தப் பொண்ணு திட்டறதுக்கு ஒரு மிஷினாவது இருக்கட்டும்."