ரிஜெக்ட் பீன்ஸ்

"சார் ஒண்ணு, அம்மா ரெண்டு, பொண்ணு மூணு. வேற யாராச்சும் வீட்ல இருந்தா கூப்பிடுங்க சார். டெமோ காட்டும்போது எல்லாரும் கூட இருக்கணும்னு கம்பெனில சொல்லியிருக்காங்க."

"நாங்க மூணு பேருதாம்பா. நீ ஆரம்பி," என்றார் ராமலிங்கம்.

கோபி, பைக்கில் கட்டிக்கொண்டு வந்த ஓவனைச் சமையல் மேடையில் வைத்து ஒயரைச் சொருகினான். முன்வாசலில் பெயிண்ட் காயவில்லை என்று அவனைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விட்டிருந்தார்கள். எந்தப் பக்கமாக இருந்தால் அவனுக்கென்ன? இன்று மாசக் கடைசி. ஒரு ஓவனாவது விற்காவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலூரிலிருந்து பள்ளிகொண்டா வரை வீடு வீடாக ஏறிக் கேக் சுட்டுக் காட்டியாகிவிட்டது. எல்லாரும் தின்றார்கள். ஒருவரும் வாங்கவில்லை. மிச்சம் இருந்தது ஆம்பூரில் இந்த ஒரு வீடுதான்.

"கேக்கெல்லாம் வேணாம்," என்று ராமலிங்கம் போனிலேயே சொல்லியிருந்தார். "சோத்துக்குத் தொட்டுக்கிற மாதிரி இன்னா செய்வ?"

"பீன்ஸ் சார். ரொம்ப ஈசி."

ஈசிதான். காம்பு கிள்ளி நார் உரித்த பீன்ஸில் எண்ணெய், உப்பு, மிளகு, நசுக்கிய பூண்டு போட்டுப் பிசற வேண்டும். தட்டில் பரப்பி, மேலே ரஸ்க் தூளைத் தூவி, ஓவனுக்குள் தள்ளினால் முடிந்தது. கிளற வேண்டாம், பக்கத்தில் நிற்க வேண்டாம். மணி அடித்ததும் கோபி தட்டை வெளியே எடுத்தான். பீன்ஸ் ஓரம் சிவந்து, ரஸ்க் மொறுமொறுவென்று ஒட்டியிருந்தது.

ராமலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்த்து ரிட்டையர் ஆனவர். இரண்டு பீன்ஸைப் பொறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது ஆறாம் சைஸு, இது எட்டு. ஜோடி சேரல. ரிஜெக்ட்."

"பீன்ஸுல ஏது சார் ஜோடி?"

"ரிஜெக்ட்னா ரிஜெக்ட்தாம்பா. பூர்ணிமா, இதை எடுத்துனு போ."

பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக நின்றிருந்த பூர்ணிமா தட்டோடு கூடத்துக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"வெள்ளிக்கிழமைன்னா பட்டுதான் கட்டுவா," என்றாள் அவள் அம்மா கண்ணம்மாள். அவளை யாரும் கேட்கவில்லை.

தட்டு காலியாகத் திரும்பி வந்தது.

"பீன்ஸ் எங்க மேடம்?"

"நாய்க்குப் போட்டுட்டேன்," என்றாள் பூர்ணிமா.

"மிளகு, பூண்டெல்லாம் நாய் தின்னுமா?"

"எங்க வீட்டு நாய் எதைக் குடுத்தாலும் தின்னும்," என்றாள் கண்ணம்மாள்.

"குலைக்கிற சத்தமே காணோமே?"

"தின்னும்போது எப்டிப்பா குலைக்கும்? நீ அடுத்ததைப் போடு."

"ஆனா உப்பு கொஞ்சம் கம்மியாம்," என்றாள் பூர்ணிமா. அம்மா தொடையில் கிள்ளியதும் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது தட்டுக்குக் கோபி எல்லாப் பீன்ஸையும் ஒரே நீளத்தில் நறுக்கினான். உப்பையும் கூட்டினான். இந்த முறை ராமலிங்கத்துக்குக் கலர் ஒத்துவரவில்லை. ரிஜெக்ட். தட்டு போனது, கழுவி வைத்ததுபோலத் திரும்பி வந்தது.

"இன்னும் கொஞ்சம் கேக்குது," என்றாள் பூர்ணிமா.

"எது?"

"நாய்தான்."

மூன்றாவது தட்டை ராமலிங்கம் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "ரிஜெக்ட்" என்று அவரே எடுத்து மகள் கையில் கொடுத்தனுப்பினார்.

"பீன்ஸ் தீர்ந்துபோச்சு சார்," என்றான் கோபி. "இன்னா முடிவு பண்ணியிருக்கீங்க?"

"டேஸ்ட்ல குறை இல்லப்பா. ஆனா நமக்கு எதுக்கு ஓவனு? இருக்கிற அடுப்பே ஜாஸ்தி."

"சார், இன்னிக்கு ஒண்ணு போகலன்னா எனக்கு வேலையே போய்டும் சார்."

"அதுக்கு நான் இன்னாப்பா பண்ணட்டும்? பேஜார் பண்ணாத. வந்த வழியாவே போய்டு. சத்தம் போடாம போ."

கோபி ஓவனைத் துணியில் சுற்றித் தூக்கினான். இன்னும் சூடு ஆறவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் பின்வாசலை எட்டியபோது, கூடத்துக் கதவு திறந்தது. உதட்டில் ரஸ்க் தூளோடு ஒரு பெரிய அம்மாள் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், புதுச்சட்டை போட்ட ஒரு பையன் விரலை நக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா சம்மந்தி, ஓவன எங்க குடுத்தனுப்புறீங்க?"

"ரிப்பேருக்கு..." என்றாள் கண்ணம்மாள்.

"மூணு தட்டு சுட்டுக் குடுத்திருக்கு, இதுக்கு இன்னா ரிப்பேரு? எம் புள்ளைக்கு ஓவன்ல சுட்டதுன்னா உசுரு. பொண்ணுக்கு அதெல்லாம் அத்துப்படின்னு நீங்க சொன்னப்ப நான் நம்பல. இப்ப நம்பறேன். நகை நட்டு எதுவும் வேணாம் சம்மந்தி. பொண்ணோட, அது கை பழகின இந்த ஓவனும் எங்க ஊரு திமிரிக்கு வந்துடணும். இன்னிக்கே நிச்சயம் பண்ணிக்கலாம். தம்பி, கீழ எறக்கு அதை!"

கோபி ராமலிங்கத்தைப் பார்த்தான். ராமலிங்கம் கோபியைப் பார்த்தார்.

"ரிப்பேரை இங்கயே முடிச்சுட்டேம்மா," என்ற கோபி, ஓவனைப் பழையபடி மேடையில் பத்திரமாக வைத்தான். பிறகு ராமலிங்கத்தின் காதருகே குனிந்து, "பில்லு காலைல வரும் சார். புது ஓவன் விலைதான்," என்றான். ராமலிங்கம் அவன் முதுகில் கை வைத்து வெளியே தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினார்.