வாய் திறந்த சிப்பாய்

“வாயைத் தொறந்ததால உசுரு பொழச்ச சிப்பாயி இந்தியாவுலயே நான் ஒருத்தந்தானுங்க.”

நாட்டு மக்களுக்கு அறிக்கை வாசிப்பதுபோல இதைச் சொன்னார் குழந்தைவேல். அஸ்தம்பட்டி மருத்துவர் டார்ச்சை அடித்து, அந்த வாயை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொன்னார்.

“எழுபத்தொண்ணுல நடந்த பாகிஸ்தான் சண்டைங்க. ‘பாரத மாதாவுக்கு’ன்னு கத்துனேன். ‘ஜே’ வரதுக்குள்ள குண்டு இந்தக் கன்னத்துல பூந்து அந்தக் கன்னத்துல போயிருச்சு. வாய மூடியிருந்தேன்னு வைங்க, அப்பவே போட்டோவுக்கு மாலை போட்டிருப்பாங்க.”

“பல்லு?”

“அத்தனையும் எம்பட சொந்தப் பல்லுங்க. இன்னைக்கும் கரும்பு கடிப்பேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அறிவுச்செல்வி, தாலாட்டுக்குப் பதில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள். காயப் பதக்கம் கேட்டு அப்பா மனுப் போடத் தொடங்கியபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இப்போது அவள் மகள் காலேஜில். அந்தக் காலத்து ஆஸ்பத்திரிக் காகிதம் எதுவும் இல்லை என்ற ராணுவம், கடைசியில் ஒருவழியாக இறங்கி வந்திருந்தது. குண்டுத் தழும்புதான் என்று ஒரு மருத்துவர் எழுதித் தந்தால் பரிசீலிப்பார்களாம்.

மருத்துவர் டார்ச்சை அணைத்தார்.

“பெரியவரே, ரெண்டு பக்கமும் கடுகாட்டம் ஒரு புள்ளி. அவ்வளவுதான் இருக்குது. தழும்புன்னு ஒண்ணு கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே நான் எழுத முடியும்?”

“நல்லா ஆறிப்போச்சுங்க. அது என் தப்புங்களா?”

“தப்பில்லீங்க. ஆனா காட்டறதுக்கு ஒண்ணும் இல்லியே.”

திருச்செங்கோட்டு வீட்டில் அவர் மனைவி அங்கம்மாள் கட்டிலோடு கிடந்தாள். லாரி வைத்திருந்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லி, குண்டு துளைத்த கன்னத்தைக் கட்டிக்கொண்டவள் அவள். பதக்கம் மாட்டுவதற்கென்று கல்யாணமான வருசமே சுவரில் ஓர் ஆணி அடித்தாள். அதில் இதுவரை ஒரு காலண்டரைக்கூட மாட்ட விட்டதில்லை.

இப்போது டயாலிசிஸ் முடிந்து வரும்போதெல்லாம் மகளிடம் அவள் சொல்வது ஒன்றுதான். “கண்ண மூடறதுக்குள்ள அந்த ஆணியில ஒண்ணு தொங்குனாப் போதுஞ்சாமி.”

மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் பஸ் நின்றுவிட்டது. ஆடித் திருவிழா ஊர்வலம். கன்னத்தின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்த வேலோடு ஒரு பையன் ஆட, இன்னொருவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

“பாரு சாமி,” என்றார் குழந்தைவேல், பஸ் முழுக்கக் கேட்கும்படி. “சண்டையில வாங்க வக்கில்லாத ஓட்டைய கோயில்ல போய் வாங்கறானுக. இவனுக கன்னத்த அம்மன் கேட்டாளா?”

முன்சீட்டு அம்மாள் திரும்பி முறைத்தாள். அறிவுச்செல்வி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

தம்மம்பட்டிப் பக்கமிருந்த அவருடைய சொந்த ஊரில் இந்த நோம்பி விசேசம். ஆனால் குடும்பத்தை அதற்கு ஒருமுறைகூட அவர் கூட்டிப் போனதில்லை. கேட்டால், பட்டாளத்துக்காரனுக்குக் கொடிதான் சாமி என்பார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அங்கம்மாள் தலையைத் தூக்கினாள். “டாக்டர் எழுதிக் குடுத்துட்டாருங்களா?”

“எழுதறாரு, எழுதறாரு.”

அவள் நம்பிக்கையோடு ஆணியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அன்று முழுக்க அதற்கப்புறம் அவர் சண்டைக் கதை பேசவில்லை.

மறுநாள் காலையில், “எங்கூரு வரைக்கும் போயிட்டு வந்தர்லாம் வா சாமி,” என்று மகளைக் கிளப்பினார்.

ஊரில் இறங்கியதும் கடையில் ஒரு மஞ்சள் வேட்டி வாங்கினார். கோயில் கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈரத்தோடு அலகு குத்தும் வரிசையில் போய் நின்றார். முன்னாலும் பின்னாலும் காலேஜ் பையன்கள்.

“அப்பா, என்னங்கப்பா இது?”

“டாக்டருக்குத் தழும்புதான வேணும். அதே எடத்துல புதுசா ஒண்ணு போட்டு ஆற உட்டா, பழசாட்டமே தெரியும். நான் ஊர உட்டுப் போயி அம்பது வருசமாச்சு, இங்க இப்ப நம்மள யாருக்கும் தெரியாது.”

“நெசமாலுமே குண்டு வாங்குனவருக்கு இந்தக் கொடுமை எதுக்குங்கப்பா?”

அவர் வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தார். “உங்கம்மாகிட்ட மூச்சு உட்றாத,” என்றார்.

அறிவுச்செல்வி அவர் கையைப் பிடித்தாள். நாட்டுக்காக வாங்கிய ஓட்டையை நிரூபிக்க, எழுபத்தைந்து வயதில் இந்த மனுசன் அதை மறுபடி போட்டுக்கொள்ள நிற்கிறார். இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தாள். ஆணி ஞாபகம் வந்தது. அவர் சட்டையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

வரிசை நகர்ந்தது. அலகு குத்தும் பூசாரி சின்னானுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். கண் மங்கிவிட்டது, கை மட்டும் இன்னும் நடுங்கவில்லை.

“பேரு?”

“குழந்தைவேலு,” என்றார் அவர், மெல்ல. பஸ்ஸில் கேட்ட குரல் அது இல்லை.

பூசாரி ஒரு கணம் நின்றார். பிறகு விபூதிக் கட்டைவிரலை அவர் கன்னத்தில் வைத்தார். அந்த விரல் எதையும் தேடவில்லை. நேராகக் கடுகுப் புள்ளியின் மேல் போய் நின்றது.

இந்தியாவிலேயே வாயைத் திறந்ததால் உயிர் பிழைத்த ஒரே சிப்பாய், கண்ணை மூடி வாயைத் திறந்தார்.

சின்னான் கூரான வேலைக் கையில் எடுத்தார்.

“நான் குத்துன பழைய ஓட்டைதான்டா கொழந்தே, இந்த வாட்டியாவது அழாம நில்லு.”