இடப்பக்கத்து உப்பு ஜாடி

பாட்டி இடக்கைக்காரி. அவள் இருந்தவரை உப்பு ஜாடி அடுப்புக்கு இடப்பக்கம்தான். அவள் போட்ட உப்பு கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. அவள் போனபின் அம்மா ஜாடியை வலப்பக்கம் மாற்றினாள். ஆனால் அது தினமும் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. துக்கத்துக்கு வந்த அத்தை இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. ஜன்னல் வெயிலில் கத்தியால் வெங்காயம் உரிக்கும் அவள் விரல்களையே அம்மா பார்க்கிறாள். "உண்மையைச் சொல்லு, நீதானே மாத்தி வைக்கிறே? உங்கம்மா அடுப்படியை நான் ஆளக்கூடாது, அதானே?" "எனக்கு வேற வேலை இல்லே பாருங்க, அண்ணி!" அம்மா நம்பவில்லை. அத்தையை முறைத்தபடியே வலப்பக்கத்து ஜாடியிலிருந்து உப்பை எடுத்துக் கொதிக்கும் பானையில் போடுகிறாள். ஜாடியை மூடி, பாட்டியைப் போலவே மூடியை இரண்டு தட்டுத் தட்டி, இடப்பக்கம் வைக்கிறாள். அத்தையின் கத்தி அப்படியே நிற்கிறது. "திருடி அகப்பட்டாச்சு, அண்ணி." அம்மா தன் கையைப் பார்க்கிறாள். அதை ஜாடியிலிருந்து எடுக்கவே இல்லை.