மதிலுக்கு உள்ளே

பிரசவ அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். கட்டிலில் என் மகள், தலைமாட்டில் மருமகன், சுவரோரம் என் மனைவி, மேசையருகே நர்ஸ், கதவுக்குப் பக்கத்தில் நான்.

ஆறாவதாக ஒருத்தியைச் சேர்ப்பதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

அவள் மேசைமேல் ஒரு வெள்ளைத் துண்டில் கிடந்தாள். பிறந்து பத்து நிமிடம். விரல்கள், நகங்கள், எங்கள் வீட்டாரின் அகன்ற நெற்றி, எல்லாம் இருந்தன. மூச்சு மட்டும் வரவில்லை.

டாக்டர் எல்லாம் செய்து பார்த்தார். பிறகு கையுறைகளைக் கழற்றிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

மருமகன் போதகருக்குப் போன் செய்திருந்தார்.

எங்கள் சபையில் ஒரு விதி உண்டு. முப்பது ஆண்டுகள் செயலாளராக இருந்து அதைக் கட்டிக் காத்தவன் நான். ஆவி என்பது தேவன் ஊதும் மூச்சு. அது உடலில் சேர்ந்த பிறகுதான் மனிதன் ஆத்துமா ஆகிறான். மூச்சே வராத பிள்ளைக்கு ஆத்துமா இல்லை. ஆத்துமா இல்லாததற்கு ஞானஸ்நானம் இல்லை. ஞானஸ்நானம் பெறாததற்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை.

இதைச் சொல்லி மூன்று குடும்பங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் மதிலுக்கு வெளியே, குப்பை எரிக்கும் இடத்தைத் தாண்டிக் கிடக்கின்றன.

எங்கள் வீட்டார் நான்கு தலைமுறையாக மதிலுக்கு உள்ளே, முதல் வரிசையில் இருக்கிறார்கள். ஆலயமணி அடிக்காமல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பெட்டியும் போனதில்லை.

“அப்பா, நீங்க சொல்லுங்க,” என்றாள் மகள். ஒன்பது வருடம் காத்திருந்து இந்தப் பிள்ளையைப் பெற்றவள். “என் பிள்ளைக்கு ஆத்துமா இருக்கா, இல்லையா?”

எனக்கு விடை தெரியும். முப்பது ஆண்டுகளாகத் தெரியும்.

“ஊரார் பிள்ளைக்கெல்லாம் வாய் கிழியச் சட்டம் பேசினீங்களே,” என்றாள் என் மனைவி. “இப்பப் பேசுங்க.”

மாடிப்படியில் போதகரின் செருப்புச் சத்தம் கேட்டது.

நான் மேசைக்குப் போனேன். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, குழந்தையின் முகத்தின்மேல் குனிந்தேன். யாருக்காகவும் வளையாத முதுகு என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள்.

நிமிர்ந்தபோது போதகர் என் தோளருகே நின்றிருந்தார். சரியாக அந்த நொடியில் குழந்தையின் மார்பு மெல்லத் தாழ்ந்தது. அவர் அதைக் கண்ணால் கண்டார்.

“மூச்சு இருக்கு!” என்று கத்தினார். “தண்ணி! சீக்கிரம், தண்ணி கொண்டாங்க!”

நர்ஸ் என்னைப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்தாள்.

மகள் நினைத்து வைத்திருந்த பெயரைச் சொன்னாள். நெற்றியில் மூன்று முறை தண்ணீர் விழுந்தது. மார்பு மறுபடி எழவில்லை.

எங்கள் ஐவரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை மணி அடித்தது. மதிலுக்கு உள்ளே, என் தாயின் கால்மாட்டில் அவளை அடக்கம் செய்தோம்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு தையல்காரி என்னிடம் வந்தாள். நான் திருப்பி அனுப்பிய மூன்று தாய்மாரில் ஒருத்தி.

“உங்க பேத்தி எத்தனை மூச்சு விட்டுச்சு ஐயா?”

“ஒண்ணு,” என்றேன்.

“என் மகனும் ஒண்ணுதான் விட்டான். என் மடியில வச்சுப் பாத்தேன். சாட்சி யாருன்னு கேட்டீங்க. வீட்டுல தனியாப் பெத்தவளுக்குச் சாட்சிக்கு யாரு ஐயா இருப்பாங்க?”

அவள் அழவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மதிலைச் சுற்றி அந்தப் பக்கம் நடந்தாள்.

என்னால் வாசலைத் தாண்ட முடியவில்லை. மருமகன் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போகும்படி ஆயிற்று.

சபையார் அறிய இதை எழுதுகிறேன்.

என் பேத்தி ஒரே ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போனாள் என்று நீங்கள் பேசிக்கொள்கிறீர்கள். தவறு. அவள் மூச்சே விடவில்லை. அவள் வாயில் நான் ஊதினேன். போதகர் பார்த்தது என் மூச்சு வெளியேறியதை.